கடைசிப் பக்கத்து நத்தை

ஓவியருக்கு,

என் கதைக்கு நீங்கள் வரைந்து, அந்த லாட்ஜ் அறையிலிருந்து அனுப்பிய படங்கள் கிடைத்தன. பதிப்பாளர் இன்றே கேட்கிறார். நான் கொடுக்கவில்லை.

பக்கத்துக்கு ஒரு நத்தையை ஒளித்து வைப்பீர்களே, மகள் வழக்கம்போலத் தேடினாள். எல்லாம் அகப்பட்டன. கடைசிப் பக்கத்தில் வரைந்த வீட்டில் மட்டும் இல்லை.

"அப்பா மறந்துட்டாராம்மா?"

நீங்கள் மறக்கிற ஆளா? சண்டை நமக்குள் இருக்கட்டும். குழந்தை பார்க்கிற புத்தகத்தில் அது எதற்கு?

நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள், படத்து வாசற்படியில் அவளே பென்சிலால் ஒரு நத்தை வரைந்துவிட்டாள். ரப்பரை எடுத்தேன்.

"அழிக்காதேம்மா. அது வெளியே போகல, உள்ளே வருது."

எனக்குத் தலை எது, வால் எது என்றே தெரியவில்லை. நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் கதைக்காரி