சுலபமான பாடத்தின் மேல் ஒரு சந்தேகம்

மச்சான்,

சிதம்பரம் போகும் பாசஞ்சர் ரயிலில் யாரோ ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிச் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பெட்டி முழுக்க அந்த வாசனை. மற்றவர்களுக்கு நாக்கு ஊறியிருக்கும். எனக்கு உன் முகம்தான் வந்தது. இந்த வாசனை அடித்தால் நீ முதலில் மூக்கைச் சுளிப்பாய். "இவ்வளவு தூரத்துக்கு மணக்குதுன்னா உள்ள எங்கியோ கெட்டிருக்கு மாமா" என்பாய். எவ்வளவு நல்ல பழமாக இருந்தாலும், அறுத்துப் பார்க்கும் வரை உனக்கு அது கெட்ட பழம்தான்.

நான் எழுதும் முதல் கடிதம் இது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நீ நம்ப மாட்டாய். நீ போய்ச் சேர்ந்த பிறகு நான் கடலூர் முதுநகரில் மகள் செல்வி வீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். சும்மா வாசலில் நின்று வேடிக்கை பார்க்கப் போனேன். உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பஸ் போர்டு, மருந்துக்கடைப் பெயர், சுவரில் ஒட்டிய கல்யாண வாழ்த்து, எதையும் விடுவதில்லை. "அப்பா, தெருவுல நின்னு சத்தமா படிக்காதீங்க, மானம் போவுது" என்கிறாள் செல்வி. அன்று கிள்ளை ஸ்டேஷன் பெயரை ரயில் நிற்பதற்குள் படித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

உன் அக்காவை நான் கட்டிய நாளிலிருந்து என் வீட்டுக்கு வந்த எந்தக் காகிதத்தையும் நீதான் படித்துச் சொன்னாய். நீ எட்டாவது வரை போனவன். பண்ருட்டி மண்டியில் நீ தரகர், நான் லோடு ஏற்றுகிறவன். நீ படித்துச் சொன்ன எதையும் நான் அப்படியே நம்பியதில்லை என்பது உனக்குத் தெரியும். அதே காகிதத்தை டீக்கடைக்காரரிடம் கொடுத்து இன்னொரு முறை படிக்கச் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்புவேன். ஒரு நாள் நீ அதைப் பார்த்துவிட்டாய். இனி என்னோடு பேச மாட்டாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். "என்னையே சந்தேகப்படறியே மாமா, இப்பதான் நீ வியாபாரத்துக்கு லாயக்கு" என்றாய்.

ஒரே ஒரு தடவை ஏமாந்தேன். டீக்கடை பூட்டியிருந்த அன்று ஒரு கல்யாணப் பத்திரிகையை நீ படித்தாய். மொய் வாங்க மாட்டார்கள் என்று கடைசி வரியில் போட்டிருப்பதாகச் சொன்னாய். இரண்டு பேரும் கையை வீசிக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செல்வியின் மகள் நிவேதா பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். மண்டியில் பலாக் குவியல் மேல் நீ தூக்கி உட்கார வைப்பாயே, முள் குத்துகிறது என்று அழாமல் உன் பாக்கெட்டில் கைவிடுவாளே, அவள்தான். சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க இடம் கிடைத்தது. பேங்க் வேலைக்கா என்று தெருவில் எல்லாரும் கேட்டார்கள். "வெலய யாரு முடிவு பண்றாங்கன்னு தெரிஞ்சிக்கணும்" என்றாள். நீ இருந்திருந்தால் அவளைக் கட்டிக்கொண்டிருப்பாய். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை, இதை எவன் சொல்கிறான் என்று நீ கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாய். தரகராக இருந்தும் உனக்கு அது தெரியாமலே போயிற்று.

இடம் கிடைத்ததோடு முடியவில்லை. முதல் வருஷத்துக்கு எந்தெந்தப் பாடம் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். தமிழ், இங்கிலீஷ், பொருளாதாரப் பாடங்கள், இவை எல்லாருக்கும் உண்டு. கூடவே ஒரு துணைப்பாடம் இருக்கிறது. அலைடு என்கிறார்கள். அதை மட்டும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கு, இல்லாவிட்டால் வரலாறு. காகிதம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது, மச்சான். இந்த வயதில் இவ்வளவு பாடுபட்டுத் தமிழ் படித்தும், மறுபடி ஒருவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. நிவேதா படித்துச் சொன்னாள். பிறகு மாப்பிள்ளையிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னேன். "ஏன் தாத்தா, நான் ஏதாவது முழுங்கிட்டனா?" என்று அவள் முறைத்தாள்.

அவள் கணக்கு எடுக்கிறேன் என்றாள். அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம். பத்தாவதோடு கணக்கை விட்டுவிட்டுக் கணக்கில்லாத குரூப்பில் படித்த பெண். திடீரென்று கணக்கின் மேல் என்ன ஆசை? எந்தப் பையனோ அந்த வகுப்பில் சேர்கிறான் என்று எனக்குப் பட்டது. தனியாகக் கூப்பிட்டு, அந்த வகுப்பில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன். கேட்ட விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "இருக்கு தாத்தா. கணக்குதான் தெரிஞ்ச ஆளு. பத்தாவதோட பேச்சு விட்டுப்போச்சு" என்றாள்.

அடுத்த சந்தேகம் மாப்பிள்ளையின் அண்ணன் மேல். சிதம்பரத்தில் தெற்கு வீதிப் பக்கம் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறாரே, அவர். போனில் சொன்னார், நேரிலும் வந்து சொன்னார். வரலாறுதான் சுலபம், மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும், கணக்கு வேண்டவே வேண்டாம் என்றார். மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டார். கணக்கு எடுத்து ஒரு பேப்பர் போனாலும் படிப்பு அதோடு நின்றுவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் சொன்னால் செய்கிறவர். அண்ணன்காரர் எதற்கு இவ்வளவு அலைகிறார் என்று நான் யோசித்தேன். அவர் மகன் பிரகாஷும் புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இதே பொருளாதாரம் படித்து, இப்போது சென்னையில் வேலையில் இருப்பதாகப் பேச்சு. தம்பி மகள் தன் மகனைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்று பார்க்கிறார், வேறென்ன?

எந்தத் துணைப்பாடம் என்று சொல்லிவிட்டு வர வேண்டிய நாளில் செல்வி என்னைத் துணைக்கு அனுப்பினாள். நான் சொன்ன பலாப்பழ ரயில் அன்றைக்குத்தான். பல்கலைக்கழகத்தில் ஒரு ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு பேராசிரியை அம்மா பேசினார். மூன்று வருஷத்தோடு போதும் என்பவர்கள் எதை எடுத்தாலும் சரி, ஆனால் பொருளாதாரத்தையே மேலே படிக்க நினைக்கிறவர்களுக்கு, கணக்கு இல்லாவிட்டால் பல இடங்களில் கதவு திறக்காது என்றார். சுலபம் என்றும் சொல்லவில்லை, கஷ்டம் என்றும் சொல்லவில்லை. அவர் மேல் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காமல் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் முடிவைச் சொல்ல வேண்டும். நிவேதா கணக்கு எடுத்துத் தோற்றால் படிப்பு போகும். எடுக்காவிட்டால் மேலே போகும் வழி போகும்.

சாப்பாட்டுக்கு அவள் பெரியப்பா வீட்டுக்குத்தான் போனோம். கடை கீழே, வீடு மாடியில். கடைக்குள் இலை போட்டார். சாப்பிடும்போதும் வரலாறு, வரலாறு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு நீ அண்ணாகிராமம் பக்கம் தோப்புக் குத்தகை பேசியது ஞாபகம் வந்தது. தோப்புக்காரர் ஒவ்வொரு மரமாகக் காட்டிப் புகழ்ந்துகொண்டு வருவார். நீ மரத்தையே பார்க்க மாட்டாய். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகக் கேட்பாய். "எல்லாம் சரி, உன் வூட்டுக்கு எந்த மரத்துப் பழத்த அறுப்ப?" அவர் வாய் எதையோ சொல்லும், கண் தானாகக் கொல்லைக் கோடிக்குப் போய்த் திரும்பும். அந்த மரத்தைச் சேர்த்துத்தான் நீ விலை பேசுவாய்.

நானும் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, நம்ம பிரகாஷ் எந்தப் பாடம் எடுத்தான்?"

அவர் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"கணக்குதான் மாமா."

எனக்கு உள்ளே ஒரு துள்ளல், மச்சான். பிடித்துவிட்டேன் என்று நிவேதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதனாலதான் சொல்றேன்" என்றார் அவர். "எத்தினியோ தடவ எழுதிப் பாத்தான். வரல. பாதியில நின்னுட்டான். சென்னையில வேலன்னு உங்ககிட்டலாம் சொன்னது பொய்யி. மேலதான் இருக்கான். சொந்தக்காரங்க வந்தா எறங்க மாட்டான். இந்தப் பொண்ணும் அப்பிடி ஒரு மூலையில உக்காந்துடக் கூடாது மாமா. அவ்ளோதான்."

உன் கேள்விக்கு எந்தத் தோப்புக்காரரும் இப்படிப் பதில் சொன்னதில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை நாள் இந்த மனிதரைப் பற்றி என்னென்ன நினைத்தேன் என்பதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இலையைப் பார்த்தபடி இருந்தேன்.

நிவேதா கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனாள். கூப்பிட வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் ஏறிவிட்டாள். வெகு நேரம் ஆயிற்று. அங்கே என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பழக்கம் விடுமா? கடைசியில் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். பிரகாஷ் தாடி வைத்திருந்தான். என்னைப் பார்த்து, "வாங்க தாத்தா" என்றான்.

மாடியில் நடந்ததை ரயிலில் திரும்பும்போது நிவேதா சொன்னாள். ஏன் தோற்றாய் என்று அவள் கேட்கவில்லையாம். எந்த இடத்தில் புரியாமல் போயிற்று என்று கேட்டாளாம். அதை யாருமே தன்னிடம் கேட்டதில்லை என்றானாம் பிரகாஷ். முதல் மாதம் எல்லாம் சுலபமாக இருந்தது, பள்ளியில் படித்ததுதான், அதனால் கவனிக்கவில்லை. பிறகு ஒரு நாள் ஏதோ புரியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். இவனும் தலையாட்டிவிட்டான். அதற்கு மேல் தினமும் தலையாட்ட வேண்டியதாயிற்று. அவ்வளவுதான் நடந்தது என்றானாம்.

மாடியிலிருந்து இறங்கியதுமே, கடையில் நின்றபடி, கணக்குதான் எடுக்கப் போகிறேன் என்று அவள் பெரியப்பாவிடம் சொன்னாள். அவர் முகம் சிவந்து, இவ்வளவு சொல்லியும் கேட்க மாட்டாயா என்றார்.

"எடுக்கட்டும்பா" என்றான் பிரகாஷ். "எந்த எடத்துல வழுக்கும்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன்."

அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒயர் சுருள் ஒன்றை எடுத்து, சுற்றியிருந்ததைப் பிரித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

எனக்கு அப்போதும் சந்தேகம்தான். தோற்றவன் சொல்லிக் கொடுத்து ஒருத்தி எப்படித் தேறுவாள்? ஆனால் நீயும் புதிதாக ஒரு தோப்பைப் பேசப் போவதற்கு முன்னால், அதைக் குத்தகை எடுத்து நஷ்டப்பட்டவனைத் தேடிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுப்பாய். லாபம் பார்த்தவன் எதையும் சொல்ல மாட்டான் என்பாய். அதை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். கணக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினோம்.

வகுப்பு தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரகாஷ் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வருகிறான். முகமும் தெரிகிறது. தாடியை எடுத்துவிட்டான். நிவேதா முதல் வாரம் முழுக்க, "எல்லாம் சுலுவா இருக்கு தாத்தா, பத்தாவதுல படிச்சதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செல்வி சந்தோஷப்பட்டாள். எனக்குப் பிரகாஷின் முதல் மாதம் ஞாபகம் வந்தது. அடுத்த வாரமும் சுலபம் என்றாள். அன்றிலிருந்து அவள் காலேஜ் விட்டு வந்ததும், என்ன படித்தாய் என்று நான் கேட்பதில்லை. "இன்னைக்கு எது புரியல?" என்று மட்டும் கேட்கிறேன். எல்லாம் புரிந்தது என்பாள். நம்பாமல் அவள் முகத்தையே பார்ப்பேன். "என்ன தாத்தா போலீஸ் மாதிரி" என்று உள்ளே போய்விடுவாள்.

நீ எனக்கு விட்டுப்போனது இந்தச் சந்தேகம்தான், மச்சான். அதை நான் விடவில்லை. ஆட்கள் மேல் ஜாஸ்தியாக இருந்ததில் கொஞ்சத்தை எடுத்து, சுலபம் என்ற அந்த ஒரு சொல்லின் மேல் வைத்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் நிவேதா வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"இன்னைக்கு ஒண்ணு புரியல தாத்தா. கையத் தூக்கிக் கேட்டேன். க்ளாஸே திரும்பிப் பாத்துச்சு."

"கேட்டியே, அப்புறம் புரிஞ்சிதா?"

"இல்ல. நாளைக்கு மறுபடி கேப்பேன்."

பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவள் தேறிவிடுவாள் என்று நான் நம்பிவிடவில்லை. உன்னோடு இவ்வளவு வருஷம் இருந்தவன் அதற்குள் நம்பிவிடுவேனா? ஆனால் நேற்று இரண்டாம் தரம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.