இரண்டு வரிசை கூடுதலாகப் பார்த்தவள்

நவம்பர் 3, 2025. சோலோதுர்ன்

நேற்று அட்லிஸ்வில் முருகன் கோயிலில் கஜலக்சுமி அன்ரி எனக்கு நேரே வந்து சிரித்தாராம். நான் அவரைத் தாண்டிப் போய், செருப்பு வைக்கும் இடத்தில் தொங்கிய ஒரு கறுப்புக் கோட்டைப் பார்த்து “வணக்கம் மாமா” என்றேனாம்.

இன்று ரெலிபோனில் முறைப்பாடு. அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“உம்மட மூத்தவ கண்டும் காணாத மாதிரிப் போறா. நல்லாப் பெரியாளாப் போட்டா போல.”

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஓம் அக்கா, அவவுக்குக் கொஞ்சம் செருக்கு. நானும் பேசித்தான் பாக்கிறன்.”

பதினைந்து வருடமாக எங்கள் வீட்டின் அதிகாரபூர்வ அறிக்கை இது. மூத்த மகளுக்குக் கண் தெரியாது என்பதை விட, மூத்த மகள் திமிர் பிடித்தவள் என்பது சபைக்கு உகந்தது. காரணம் தங்கச்சி மிதுஷா. பரம்பரைக் கண் வருத்தம் என்று சனம் அறிந்தால் அவளுக்கு யார் வருவார்கள்? வேலை இடத்தில், காப்புறுதிக் கம்பனியில், எல்லாருக்கும் என் கண் பற்றித் தெரியும். பக்கத்து வீட்டுச் சுவிஸ் கிழவருக்குத் தெரியும், அவருடைய நாய்க்கும் தெரியும். தமிழருக்கு மட்டும் நான் ஒரு பிரபலமான திமிர்க்காரி.

இருட்டு ஒன்றும் இல்லை. ஓரங்கள் எல்லாம் இருக்கின்றன. நடுவில், எதைப் பார்க்க ஆசைப்படுகிறேனோ, அது மட்டும் போய்விடும். ஆட்களுக்குக் காது இருக்கும், முகம் இராது. இந்தக் கொப்பியில் தடித்த மார்க்கரால் ஒரு பக்கத்துக்கு ஏழு வரி. மாதம் ஒரு கொப்பி. பெரிய எழுத்தாளர்கள்கூட இவ்வளவு தாள் முடிப்பதில்லை.

நவம்பர் 9. சாஸ்-ஃபே

பனியாற்றில் பனிச்சறுக்குப் பயிற்சி. முன்னால் என் வழிகாட்டி செராய்னா போவாள், செம்மஞ்சள் மேற்சட்டை. பின்னால் நான். என் ஹெல்மெற்றுக்குள் அவளுடைய குரல்: “லிங்ஸ்... ரெக்ட்ஸ்... இப்போது சரிவு... ஹொப்!” அவள் இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். வாழ்க்கையில் நான் கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும் ஒரே ஆள்.

சரிவில் இரண்டிரண்டு கம்பமாக நட்டிருப்பதைக் கதவு என்போம்; இன்று மூன்றாவது கதவில் செராய்னா விழுந்தாள். “விழுந்துவிட்டேன்” என்றாள். நான் அவ்வளவு விசுவாசமாக அதே இடத்தில், அதே பக்கமாக விழுந்தேன்.

அவள் கிராவுபுண்டன் மலைக்காரி. ஆசிரியப் படிப்பை ஒரு வருடம் நிறுத்திவிட்டு எனக்காக நிற்கிறாள். எங்கள் விளையாட்டில் வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டு. இதுவரை இருவருக்கும் சம பங்கு, ஆளுக்குப் பூச்சியம்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று மிதுஷா கேட்பாள். பதினொரு வயதில் பள்ளிக்கூட ஸ்கி முகாம். ஒரு நாள் மூடுபனி இறங்கியது. வகுப்பில் கெட்டிக்காரர் எல்லாம் உறைந்துபோய் நின்று அழ, நான் ஒருத்தி கீழே வந்து சேர்ந்தேன். அன்று எல்லாருக்கும் என்னளவுதான் தெரிந்தது. அந்த நியாயம் பிடித்துப்போயிற்று.

செராய்னா பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறாள். “என்ன எழுதுகிறாய்?” என்கிறாள். தமிழில் எழுதினால் பூட்டுத் தேவையில்லை.

நவம்பர் 10

இடது முழங்கால் நீலம். செராய்னாவுக்கும் இடது முழங்கால் நீலம். குழு ஒற்றுமை.

நவம்பர் 21

மார்ச்சில் கோர்ட்டினாவில் பராலிம்பிக். போக வேண்டுமென்றால் முதலில் சர்வதேசக் கண் சோதனை. யாருக்கு எவ்வளவு தெரியாது என்று அளந்து வகுப்புப் பிரிப்பார்கள். இவ்வளவு நாளும் நான் ஓடியது உள்நாட்டுப் போட்டி, அதற்கு என் கண் டொக்டரின் கடிதம் போதும். இது வேறு. பெயர் பட்டியலில் வரும், பட்டியல் இணையத்தில் வரும்.

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

“ஆரும் பாக்கேலுமோ?”

“ஓம்.”

“எங்கட பேரோ?”

“என்ர பேர் அம்மா.”

“அப்பான்ர பேரும் பக்கத்தில இருக்கெல்லோ.” பிறகு, கத்தி திரும்பவும் பலகையில் விழுந்தது. “மிதுஷான்ர எழுத்து மார்ச் இருபத்தெட்டு. அது முடியட்டும். அதுக்குப் பிறகு நீ எந்த மலையிலயும் உருள்.”

லுசேர்ணில் ஹொட்டேல் சமையலறையில் வேலை செய்யும் கோபிசன் வீட்டோடு பேச்சு. பொருத்தம் பார்த்தாயிற்று, கல்யாண எழுத்துப் பதிவுக்கும் நாள் குறித்தாயிற்று. நான் என்ன செய்ய? பராலிம்பிக்கை இருபத்தொன்பதாம் திகதிக்குத் தள்ளி வைக்கச் சொல்லிக் கடிதம் போடுவதா?

“நீ போ அக்கா” என்று மிதுஷா சொன்னாள். கொஞ்சம் பிந்தித்தான் சொன்னாள்.

டிசம்பர் 8. ஆஸ்திரியா

என்னைப் போல ஒரு முட்டாள் பிறந்ததுமில்லை, பிறக்கப் போவதுமில்லை.

இரண்டு கண் டொக்டர்கள். ஒருவர் திரையை மாற்றுவார், மற்றவர் எழுதுவார். திரையில் ஆங்கில ‘ஈ’ எழுத்து நாலு பக்கமும் திரும்பித் திரும்பி வரும். அதன் கால்கள் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். பெரிய வரிசைகள் போயின. பிறகு திரையில் ஒன்றுமே இல்லை.

“இது?”

தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் கோர்ட்டினா. அதற்காகத்தானே வந்தேன்? ஆனால் “இது?” என்று ஒருவர் கேட்டதும் எனக்குப் பதினொரு வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நானே கண்டுபிடித்த வித்தை: விடை சரியென்றால் எழுதுகிறவரின் பேனை உடனே கீறும். பிழையென்றால் ஒரு மூச்சு தாமதிக்கும். தாமதித்தால் “இல்லை இல்லை, இடது” என்று மாற்றிவிட வேண்டும். வாய் தன்பாட்டில் செய்தது. இரண்டு வரிசை!

வெளியே வரும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உண்மையை எழுதத்தானே வேண்டும்.

நாலு மணிக்கு முடிவு. தகுதியில்லை.

தலைமை டொக்டர் மரியாதையாகத்தான் சொன்னார்: “உங்கள் விழித்திரைப் படம் ஒன்றைச் சொல்கிறது, நீங்கள் இன்னொன்றைச் சொல்கிறீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் நாங்கள் எழுத முடியும்.” நாளை மறுநாள் வேறொரு குழு சோதிக்கும். அவர்களும் இதையே சொன்னால் கதை முடிந்தது.

தெரிவதைத் தெரியாது என்று சொல்லிப் பிடிபட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வெளியே தள்ளப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டிசம்பர் 9

காலைச் சாப்பாட்டைச் செராய்னா பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள். லிஃப்டில் கேட்டாள்.

“ஒன்று கேட்கிறேன். உனக்குத் தெரிகிறதா?”

“இல்லை.”

“அப்படியென்றால் மூன்று வருடம் நான் யாருக்கு முன்னால் கத்திக்கொண்டு போனேன்?”

எல்லாம் சொன்னேன். பேனைச் சத்தம், மிதுஷாவின் எழுத்து, கறுப்புக் கோட்டு மாமா. கோட்டுக்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நான் படிப்பை நிறுத்தியது உன் கண்ணுக்காக. உன் வெட்கத்துக்காக இல்லை” என்றாள். லிஃப்டிலிருந்து முதலில் இறங்கிப் போனாள். படி இருக்கிறது என்றும் சொல்லவில்லை. படி இருந்தது.

நான் என்னடாப்பா செய்யிறது? வாய் வருகுதில்லையே. எத்தினை வருசம் — ரீச்சருக்கு, கோயில் சனத்துக்கு, கல்யாண வீட்டு வீடியோக்காரனுக்கு — “ஓம் ஓம், வடிவாத் தெரியுது.” இப்ப ஒரு நாளைக்குள்ள மாத்திச் சொல்லு எண்டால்?

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். கண்ணாடியில் இரண்டு காது இருந்தன, அவற்றிடம் சொன்னேன். முதல் தடவை “கொஞ்சம் தெரியுது” என்று வந்தது. இரண்டாம் தடவை “வெளிச்சம் காணாது” என்று வந்தது. ஒன்பதாவது தடவைதான் சரியாக வந்தது, அதுவும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

டிசம்பர் 10

இன்றைக்கு எழுதியவர் கணினித் திரையில் விரலால் எழுதினார். ஒரு சத்தமும் இல்லை. முருகனாலும் இதற்கு மேல் உதவ முடியாது.

“இது?”

“தெரியவில்லை.”

“இது?”

“தெரியவில்லை.”

நாலாவது தடவை குரல் உடைந்தது. கவலையில் இல்லை. பாரமான பையை நிலத்தில் வைத்த பிறகுதான் தோள் நோகத் தொடங்கும், அந்த மாதிரி. டொக்டர் பெண், வயதானவர். “நேரம் இருக்கிறது” என்று ஒரு கடதாசித் துவாயைக் கையில் வைத்தார். அதற்குப் பிறகு ஆறு தடவை சொன்னேன். கடைசியில் எனக்கு அந்தச் சொல் பிடித்தே போயிற்று. இரண்டு மூன்று வரிசை கூட இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

தகுதி உண்டு.

வெளியே செராய்னா இரண்டு கோப்பைச் சூடான சொக்கலேட்டோடு நின்றாள். “வாழ்த்துகள்” என்றாள். “உனக்கு உண்மையிலேயே கண் தெரியாது.”

என் வாழ்நாளில் யாரும் என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

டிசம்பர் 19. சோலோதுர்ன்

பட்டியல் வந்துவிட்டது. மிதுஷா சத்தமாக வாசித்தாள்: வரதராசா ரிஷானி, சுவிட்சர்லாந்து, பார்வைக் குறைபாடு.

அம்மா ரீவிச் சத்தத்தைக் கூட்டினார். “இனி என்ன, கோயில் ஒலிபெருக்கியிலயும் சொல்லி விடுங்கோவன்.”

ஜனவரி 11, 2026

லுசேர்ணிலிருந்து கோபிசனின் தாய் எடுத்தார். “எங்களுக்கு ஒண்டும் இல்லை. ஆனா நாளைக்குப் பிறக்கிற பிள்ளையளுக்கு வந்தால்? தங்கச்சிக்குச் சோதிச்சுப் பாத்தனீங்களோ?”

மிதுஷா ரெலிபோனை வாங்கினாள். “என்ர கண் நல்லா இருக்கு அன்ரி. இப்ப உங்களை வடிவாத் தெரியுது.” வைத்துவிட்டாள்.

பிறகு அரை மணித்தியாலம் குளித்தாள். வெளியே வந்து “கல்யாணத்துக்குப் பிறகு தெரியிறதுக்கு இப்ப தெரிஞ்சது நல்லதுதான் அக்கா” என்றாள். கோபிசனோடு இரண்டு தரம் லுசேர்ணில் தேத்தண்ணி குடித்தவள். அவனைப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை, அந்த நாட்களில் படியில் ஏறி வந்த சத்தத்தில் எனக்குத் தெரியும்.

இது என்னால் வந்தது. எழுதினால் குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை.

ஜனவரி 18

அம்மா என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் அவர் வீட்டில் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிவதில்லை. நேற்று இரண்டு தரம் மோதினேன். ஒரு தரம் அவர் கையில் பருப்புச் சட்டி. இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கவில்லை. செருக்கு எங்கிருந்து வந்ததென்று இப்போது விளங்குகிறது.

பெப்ரவரி 2

அணியில் எடுத்துவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். அப்பா அடுப்படியில் நின்ற ஆளிடம் சொன்னார். அடுப்படியில் நின்ற ஆள் உப்புப் போத்தலைக் கொஞ்சம் பலமாக வைத்தது.

பெப்ரவரி 15

கஜலக்சுமி அன்ரி என்னோடு நேரே கதைக்க எடுத்தார். நான் எழும்பி நின்று கேட்டேன்.

“பிள்ளை, கண் விசயம் முன்னமே தெரிஞ்சிருந்தால் உம்மை இவ்வளவு திட்டியிருக்க மாட்டன்.”

“பரவாயில்லை அன்ரி.”

“ஆனா உமக்குச் செருக்கும் இருக்குத்தான்.”

நான் மறுக்கவில்லை.

மார்ச் 12. கோர்ட்டினா

பன்னிரண்டு பேரில் ஒன்பதாவது. பின்னால் வந்த மூவரில் ஒருத்தி விழுந்தவள், ஒருத்தி ஒரு கதவைத் தவறவிட்டுத் திரும்பி ஏறியவள். மூன்றாமவளை நான் நியாயமாகத்தான் வென்றேன். அவளுக்கு நாற்பத்தொரு வயது.

இரண்டாவது ஓட்டத்தின் நடுவில் ஹெல்மெற்றுக்குள் குரல் விட்டு விட்டு வந்தது. இரண்டு கதவு நான் செம்மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பிப் போனேன். கீழே வந்ததும் செராய்னா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காது கிழியக் கத்தினாள். ஒன்பதாவது இடத்துக்கு இப்படிக் கத்தினால் பதக்கத்துக்கு என்ன செய்வாளோ தெரியாது. சந்தோசம். வேறு என்ன எழுதுவது, சந்தோசமாக இருந்தேன்.

பிறகு அவளைப் பேட்டிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நான் வேலி ஓரமாக நின்றேன். அப்பாவும் மிதுஷாவும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மாவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் நிறைய ஆட்கள். எல்லாருக்கும் கம்பளித் தொப்பி, காதுகூட இல்லை. வழக்கம்போல் எல்லாப் பக்கமும் பொதுவாகச் சிரித்து வைத்தேன்.

“ரிஷானி. அம்மா. உனக்கு வலப்பக்கம் நிக்கிறன். கையை நீட்டு, வேலி இருக்கு.”

கையை நீட்டினேன், வேலி இருந்தது. வேலிக்கு மேலே அம்மாவின் கையுறை.

பதினைந்து வருடத்தில் அம்மா ஒரு நாளும் தான் யாரென்று சொல்லிக்கொண்டு என் முன்னால் வந்ததில்லை. சொன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும். நான்தான் காலடிச் சத்தத்தில், வளையல் சத்தத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பனியில் காலடிக்குச் சத்தமில்லை, குளிருக்கு வளையலை உள்ளே விட்டிருந்தார் போலும்.

“ஒன்பதாவது” என்றேன்.

“பாத்தன். ஏன் நடுவில சுணங்கினனீ?”

அப்போது இன்னொரு பக்கமிருந்து தமிழில் கூச்சல். பொலோஞாவில் இருந்து வந்த ஒரு குடும்பமாம். முடிவுப் பலகையில் என் பெயரைக் கண்டுவிட்டுத்தான் கத்தினார்களாம். நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. யாரோ கையைப் பிடித்தார்கள், யாரோ படம் எடுக்கக் கேட்டார்கள். நான் தலையைச் சரித்து, தெரிகிற மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன்.

“கொஞ்சம் பொறுங்கோ” என்றார் அம்மா. கடையில் மிச்சக் காசு கேட்கிற அதே குரல். “என்ர மூத்தவவுக்குக் கண் தெரியாது. ஒவ்வொரு ஆளாப் பேரைச் சொல்லிக் கதையுங்கோ.”

ஏழு பேரும் வரிசையாகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. அதன் பெயரை அம்மாவே கேட்டு எனக்குச் சொன்னார்.