சந்தனம் பூசிய தண்டவாளம்

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத வாய். கடிதத்திலும் அப்படித்தான் வருகிறது. இன்றைக்கு உங்கள் ஆண்டுத்திவசம். ஐயர் போய்விட்டார், பந்தியும் முடிந்துவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை. வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் இருதயத்துக்குக் கொழும்பு ஆசுபத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். கொழும்பு ரயில் வவுனியாவில், எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. ஆனால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு இராணுவம் தரும் பாஸ் இல்லாமல் அதில் ஏற முடியாது. நாளைக்கு வா என்றார்கள். போனோம். மறுபடியும் நாளைக்கு வா என்றார்கள். காலமெல்லாம் ரயில்வேயில் உழைத்த மனுசன், ரயில் கூவுவதைக் கதிரையில் சாய்ந்திருந்து கேட்டபடியே கண்ணை மூடினீர்கள். பாஸ் செத்தவீட்டன்று வந்தது. அதில் உங்கள் பெயரை ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். அதை வைத்து நான் எங்கே போக?

நீங்கள் விட்டுப்போனது முன்னறையில் ஒரு பெரிய பலகை. அதன் மேல் வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை சின்னஞ்சிறு ரயில் பாதை. ஆனையிறவு உப்பளத்துக்கு என் குசினி உப்பைத் தூவியிருந்தீர்கள். உண்மையான தண்டவாளத்தைச் சண்டையில் பிடுங்கிப் பதுங்குகுழிக்குப் போட்ட பிறகு உங்களுக்கு மிஞ்சிய பாதை அதுதானே. ஜெர்மனியிலிருந்து என் தம்பி அனுப்பிய கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பாதையோடு பூட்டிவிட்டீர்கள். தட்டச்சுப் பள்ளிக்காரர் விற்ற பழைய கொம்பியூட்டரும் வந்து சேர்ந்தது. இரண்டையும் தொடுத்து, கொம்பியூட்டரே ரயிலை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். நீங்களும் "நாளைக்குச் செய்வம்" என்றுதான் சொன்னீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

உங்கள் அண்ணர் வந்து அறையை வாடகைக்கு விடச் சொன்னார்.

"விளையாட்டுச் சாமானுக்கு ஒரு அறையே பிள்ளை? செத்தவன் வந்து ஓட்டப்போறானே?"

"நான் ஓட்டுறன் அத்தான்."

"நீரோ? ரேடியோவையே தட்டித்தானே பாட வைக்கிறனீர்."

"தட்டினாலும் பாடுதுதானே."

திவசத்துக்குள் ஓடாவிட்டால் பலகையைக் கழற்றுவது என்று சொன்னார். ஆத்திரத்தில் நானும் ஓம் என்றுவிட்டேன். உங்கள் பென்சனுக்குள் வீட்டை நடத்தலாம் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். அதை அவர் கேட்கவேயில்லை.

பெட்டியோடு வந்த புத்தகம் ஜெர்மன் மொழியில். படங்களைப் பார்த்தும் தம்பிக்கு எழுதிக் கேட்டும்தான் படித்தேன். கட்டளை கொம்பியூட்டரிலிருந்து பெட்டிக்குப் போய், பிறகு தண்டவாளத்தாலேயே ஓடுமாம். எந்த எஞ்சினின் இலக்கத்துக்கு அனுப்புகிறோமோ அது மட்டும் அசையுமாம். கொம்பியூட்டரின் முதுகில் வயரைப் பூட்டினேன். நல்ல நாள் பார்த்துப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். கொம்பியூட்டருக்குத் திருநீறு பூசி, புது வாகனத்துக்குச் செய்வதுபோல் தண்டவாளம் முழுக்கச் சந்தனம் தடவினேன்.

பொத்தானைத் தட்டினேன். பெட்டியின் விளக்கு மினுங்கியது. எஞ்சின் அசையவில்லை.

வயரைக் கழற்றினேன், பூட்டினேன். இலக்கத்தை மாற்றி மாற்றி அனுப்பினேன். திவசம் கிட்டக்கிட்ட எனக்குப் பொறுக்கவில்லை. சாமி அறையில் போய் நின்று, "ஆளைத்தான் மறிச்சாய், ரயிலையும் ஏன் மறிக்கிறாய்?" என்று பிள்ளையாரையே கேட்டேன். விளக்கேற்றாமல் திரும்பி வந்தேன்.

அப்போதுதான் யோசித்தேன். விளக்கு மினுங்குகிறது என்றால் கட்டளை பெட்டிவரை வந்துவிட்டது. அதற்கு அப்பால் தண்டவாளம் மட்டும்தான். விரலால் தடவினேன். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காய்க் கையில் வந்தது. எஞ்சின் சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நான் பூசியதுதான் மறித்துக்கொண்டு கிடந்தது. பழைய வேட்டித்துண்டால் ஆனையிறவு வரை துடைத்தேன். பிள்ளையாரிடம் போய் விளக்கேற்றினேன். மன்னிப்புக் கேட்கவில்லை, உங்கள் விசயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் கணக்குத் தீரவில்லை.

இன்று சாப்பாடு முடிந்து அண்ணர் அறைக்கு வந்தார். தட்டினேன். வவுனியாவிலிருந்து எஞ்சின் புறப்பட்டு ஓமந்தை, மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சிக்குள் நுழைந்தது. அண்ணர் குனிந்தார்.

"இஞ்சதானே அவன் வேலை செய்தவன்," என்றார். குரல் இறங்கியிருந்தது. உப்பளத்தில் ரயில் நிற்கும்வரை பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"சரி, ஓடுது. அங்கால பாதி அறை சும்மாதானே கிடக்குது பிள்ளை. ஒரு கட்டில் போட்டு ஆளை விடலாம்."

"அது சும்மா கிடக்கேல்லை அத்தான். அது தெற்கு."

அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். அந்தப் பாதி அறையில் வவுனியாவிலிருந்து மதவாச்சி, அனுராதபுரம் என்று கொழும்பு வரை பாதை போடுவேன். தண்டவாளம் கேட்டுத் தம்பிக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். முடிகிற இடத்தில் ஆசுபத்திரி வாசல் படலை இருக்கும். வழியில் பாஸ் கேட்கிற இடம் ஒன்றும் இருக்காது. சந்தனம் படலைக்கு மட்டும்தான். நாளைக்கு என்று நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் "இஞ்சாரும்" என்று கூப்பிட்ட,
உங்கள் மனைவி