பிஸ்கட் தின்ற சாத்தான்

அன்புள்ள மகளுக்கு,

சபைக் குழுவோடு வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறேன், சுகம். வேறு மதத்தில் கல்யாணம் செய்ததிலிருந்து நீ வீட்டுக்கு வருவதில்லை. நான்தான் வரக்கூடாது என்றேனாம், அப்பா சொல்கிறார். அதை விடு.

நேற்று இங்குள்ள பிள்ளைகளுக்கு நாங்கள் போட்ட நாடகத்தில் சாத்தானாக நடிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாஸ்டர் என்னைப் பார்த்து, “அக்கா, உங்க சத்தம்தான் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்” என்றார். கொம்பு கட்டிக்கொண்டு உறுமினேன். தேவதூதன் என்னை வெளியே துரத்த, பிள்ளைகள் கைதட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு. துரத்தியதும் ஒரு சிறுமி ஓடிவந்து, தன் பிஸ்கட்டை உடைத்து என் வாயில் ஊட்டினாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் வந்துவிட்டார்கள். பதினேழு பிஸ்கட், கணக்கு வைத்தேன்.

“போச்சு, மொத்தக் கூட்டமும் உங்க கட்சிக்கு மாறிடுச்சே!” என்று பாஸ்டர் தலையில் கைவைத்தார். ஏனம்மா ஊட்டினாய் என்று அந்த முதல் சிறுமியிடம் மொழிபெயர்ப்பவரை விட்டுக் கேட்டேன். அவர் சிரித்தபடி, “வெளிய தள்ளுனா பசிக்காதான்னு கேக்குறாக்கா” என்றார்.

கொம்பைக் கழற்றிவிட்டேன்.

ஞாயிறு காலை வந்து இறங்குகிறேன். அப்பா கார் கொண்டுவருவார். நீயும் வா. பின்சீட்டில் மாப்பிள்ளை காலை நீட்டித் தாராளமாக உட்காரலாம்.

ஜெபத்துடன்,
அம்மா