பொங்கல் பானையை நான் சுமக்கிறேன்

அருப்புக்கோட்டை

என் மகளைப் பெற்றவளுக்கு,

போனில் இதைப் பேசினால் நீ அழுதுவிடுகிறாய். அதனால் கடையில் மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

"நான் எங்க பெத்தேன்? அறுத்துல்ல எடுத்தாக" என்கிறாய். அது எங்கம்மா சொன்ன பேச்சு. அதை நீ ஏன் திருப்பிச் சொல்கிறாய்? பிள்ளை குறுக்கே கிடந்தது, துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. இனிக் காத்திருந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னதும், "அறுங்க" என்று முதலில் சொன்னவள் நீதான். கையெழுத்துப் போட எனக்குத்தான் கை வரவில்லை.

தையல் வெளியில்தான் காய்ந்திருக்கிறது, உள்ளே ஆற நாளாகும், பிள்ளையைவிடக் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். தையல் போட்ட சாக்கையே நான் பார்த்துத்தான் தூக்கச் சொல்வேன்.

இங்கே அம்மா, "பேத்திக்குப் பொங்க வைக்க, பெத்தவதான் இருளப்பசாமி கோயிலுக்குப் பொங்கப்பானை சுமக்கணும்" என்று பிடிவாதமாக நின்றாள்.

"அவ சுமக்க மாட்டா. நான் சுமக்குறேன்" என்றேன்.

"ஆம்பள சுமந்தா ஊரு சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். அன்னைக்கு ஊரா வந்து அறுபட்டுக் கெடந்துச்சு?"

இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது அம்மா கூப்பிட்டாள். தன் பழைய சேலையைச் சும்மாடாகச் சுற்றி, என் தலையில் வைத்து அளவு பார்த்தாள். "பானை சாயாம நடக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

பரளச்சியில் உன் அம்மா வீட்டிலிருந்து நிதானமாக வா. கோயிலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ முன்னால் நட. நான் பின்னால் வருகிறேன்.

இப்படிக்கு,
நீ பெற்ற பிள்ளையின் அப்பன்