கிணற்றடிக் கஞ்சாவும் என் தம்பியும்

துணுக்காய், 1999 பெப்ரவரி 7
இன்றும் அரிசி அரிக்கும்போதே அந்த மணம் வந்தது. கிணற்றடிக்குப் பின்னால், மரவள்ளிக்கு நடுவில் என் கணவர் வளர்க்கும் கஞ்சா பூக்கத் தொடங்கிவிட்டது. முதலில் தேசிக்காய்த் தோலைக் கிள்ளியது போல, பிறகு முற்றிய மாங்காய் போல, கடைசியில் மண்ணெண்ணெய். குசினி, உடுப்பு, என் தலைமயிர் எல்லாம் அதே மணம். காற்று றோட்டுப் பக்கம் அடித்தால் என்ன செய்வது? பிடிபட்டால் இவரைக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். சொன்னால், "கிருபனுக்குத்தானே சுகந்தி" என்கிறார். என் வாயை மூடத் தம்பியின் அந்தப் பெயர் போதும்.

பெப்ரவரி 9
தம்பிக்கு ஷெல் பட்டுக் கால் போய் ஒரு வருசத்துக்கு மேல். இல்லாத பாதம்தான் நோகிறது. இல்லாத விரல்களை யாரோ முறுக்குகிறார்களாம். ஆஸ்பத்திரியில் பனடோல் தருகிறார்கள், அதுவும் இருந்தால். வலுவான மருந்து எதையும் ஆமி வவுனியா தாண்ட விடுவதில்லை. அதனால்தான் நானும் தொடக்கத்தில் இந்தக் கஞ்சாவுக்கு ஓம் என்றேன்.

பெப்ரவரி 16
சண்டைக்கு முந்தி இவர் விவசாயப் பண்ணையில் நெல் இனங்களைக் கலந்து பார்த்தவர். அந்தக் கை சும்மா இருக்காது. பெண் செடி தெற்குக் காட்டு விதை: ஆளுயரம், ஒடுங்கிய இலை. ஆண் செடி கடலால் வந்த விதை: குட்டை, அகன்ற இலை. இரண்டையும் கலந்து பிறந்ததுதான் கிணற்றடியில் நிற்பது. "பிள்ளையள் தாயைத்தான் உரிச்சு வச்சிருக்குதுகள். பூவின்ர இறுக்கம் மட்டும் தேப்பன்" என்று சிரிக்கிறார்.
எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த மனிசன் என்னைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார்.

மார்ச் 2
இன்று கிருபன் அதைப் புகைத்தான். சிரித்தான். பின்னேரம் முழுக்கக் கதைத்தான் — பள்ளிக்கூடம், கிரிக்கெட், அம்மாவின் கணவாய்க் கறி. தாய்ச் செடி மனதை ஓட வைக்குமாம், தகப்பன் செடி நித்திரையாக்குமாம். இதில் தாய்க்குணம் கூடவாம், இவர் சொல்கிறார். "நோ இருக்குதக்கா. ஆனா தூரத்தில நிக்குது" என்றான் தம்பி. குசினிக்குள் போய் அழுதேன். இவரைக் குறை நினைத்த பிழை என்னிடம்தானோ?

மார்ச் 11
இல்லை. பிழை என்னிடம் இல்லை!
செடிகளில் நிற நிறமாய் நூல் கட்டியிருக்கிறார். நேற்றுத் தம்பிக்குக் கொடுத்தது சிவப்பு நூல் செடி, இன்று நீலம். தம்பி புகைத்ததும் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு கேட்கிறார்: நெஞ்சு அடிக்குதோ, வாய் காயுதோ, பசிக்குதோ. ஒருதரமாவது "நோ குறைஞ்சுதோ" என்று கேட்டாரா?
"என்ர தம்பி என்ன, உங்கட பரிசோதனைப் பாத்தியோ?" என்றேன்.
"கத்தாத. நல்ல இனம் ஒண்டு பிடிபடுற நேரம்."

மார்ச் 14
இன்று வெள்ளை நூல். கொஞ்ச நேரத்தில் கிருபனுக்கு வேர்த்துக் கொட்டியது. "கிபிர் வருது! பங்கருக்க இறங்குங்கோ!" வானத்தில் ஒரு குண்டுவிமானமும் இல்லை. ஊன்றுகோலை எறிந்துவிட்டுத் தவழ்ந்தான். பங்கர் படியில் காலின் மிச்சம் அடிபட்டு இரத்தம். கட்டிப்பிடித்தேன், அவன் நெஞ்சு என் கைக்குள் துடித்தது. இவர் மேலே நின்றுகொண்டு சொல்கிறார்: "இது முழுக்கத் தாய்ப்பக்கம். நித்திரைக் குணம் துளியும் இல்லை."
என்ர தம்பி இரத்தம் ஒழுகிக்கொண்டு கிடக்கிறான், இவர் குணம் பார்க்கிறார். மனிசனோ இது? சீ.

மார்ச் 15
பிடுங்கிவிட்டேன். ஒன்று மிச்சமில்லை. எரித்தால் மணம் ஊருக்குப் போகும், பழைய கக்கூசுக் குழியில் போட்டு மண் மூடினேன். கை இன்னும் பிசுபிசுக்கிறது. இவர் வாசலில் நின்று பார்த்தார்.

மார்ச் 16
கிருபன் நன்றி சொல்வான் என்று நினைத்தேன்.
"ஆரைக் கேட்டுப் பிடுங்கினனீங்கள்?"
"உன்னைக் கொல்லப் பாத்ததடா அது!"
"ஒரு செடிதான் கூடாது. மற்றதுகளால நான் சிரிச்சனான். அத்தான் என்னட்டைக் கேளாம நூல் கட்டினார், நீங்கள் என்னட்டைக் கேளாமப் பிடுங்கினீங்கள். கால்தான் போனது அக்கா, வாய் இருக்குது."
நன்றி கெட்டவன் என்று கத்தினேன். கத்தினேன்தான். என்னையும் அந்த மனிசனையும் ஒரே தராசில் வைக்கிறானே!

மார்ச் 17
ஒருவரும் சாப்பிடவில்லை.

மார்ச் 29
மல்லாவிச் சந்தையடியில் மாயாண்டி அண்ணையின் சைக்கிள் கடையில் கிருபனுக்கு வேலையாம். பின் அறையில் படுக்கையாம். தானே போய்க் கதைத்து ஒழுங்கு செய்திருக்கிறான். "ஏலாது, விடமாட்டன்" என்றேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.
இவருடன் கதைக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 6
கடைக்குப் போனேன். கிருபன் பலகைக் குத்தியில் இருந்து டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் மெலிந்திருக்கிறான். சொண்டைக் கடித்தான், கண் சுருங்கியது. நோ வந்துவிட்டது என்று தெரிந்தது. வீட்டை வா, இந்த வேலை உனக்குச் சரிவராது — எல்லாம் என் வாய்க்குள் நின்றன.
"நோவுதோ?"
"ஓம்."
"நான் என்ன செய்ய?"
நிமிர்ந்து பார்த்தான். பிறகு சைக்கிள் சில்லைக் காட்டினான். "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."
பிடித்துக்கொண்டு நின்றேன்.