ஜூரி கனவான்களே!

வாஷிங்டன், 11 பிப்ரவரி 1846

அன்புள்ள லவீனியா,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா?

நேற்று காங்கிரஸ் சபையில், நம் ஏரிக்கரைக்குக் கலங்கரை விளக்கம் கட்டப் பணம் கேட்டு, முதன்முதலாகப் பேச எழுந்தேன். பதினெட்டு வருட வக்கீல் வாய் சும்மா இருக்குமா? "ஜூரி கனவான்களே!" என்று ஆரம்பித்துவிட்டேன். சபையே சிரித்தது.

"ஓஹியோக்காரரே, ஜூரி மாதிரி எங்களையும் அறையில பூட்டி வைக்கப் போறீங்களா?" என்று கத்தினார் கென்டக்கி உறுப்பினர்.

"ஆமா, ஒருமனதா தீர்ப்பு சொல்ற வரைக்கும் சாப்பாடு கிடையாது!" என்றேன்.

அதன் பிறகு காதுகொடுத்துக் கேட்டார்கள். வாக்கெடுப்பில் நம் கலங்கரை விளக்கம் தேறிவிட்டது!

கொஞ்சம் ஆப்பிள் ஜாம் அனுப்பு. சபையில் உறுப்பினர்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, மாநிலத்தைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்பது விதி. விடுதியிலும் நான் ஓஹியோக்காரர்தான். போன கடிதத்தில் நீயும் கேலியாக 'மாண்புமிகு உறுப்பினரே' என்று எழுதியிருந்தாய். இனி வேண்டாம். என் பெயரையே எழுது, இங்கே யாரும் சொல்லாத அதை நானே சத்தமாகப் படித்துக்கொள்கிறேன்.

தபால் வண்டி புறப்படுகிறது.

உன்
ஜோத்தாம்